கல்லூரிக்கு பேக்கப் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பேக்கப் இருக்கிறதா என்று எந்தக் கல்லூரியில் கேட்டாலும் "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். எங்கே என்று கேட்டால் பல இடங்களில் கை அதே சர்வரைத்தான் காட்டும்.

நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் கோஹா என்ற நூலக மென்பொருள் ஓடும் கல்லூரி நூலகங்கள் நிறைய. டெபியன் லினக்ஸ் பேக்கேஜாக நிறுவினால் கோஹா தினமும் தானே ஒரு பேக்கப் எடுத்து வைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நகல் போய் உட்காருவது அதே கணினியின் டிஸ்க்கில். அமைப்பை மாற்றாவிட்டால் இரண்டு நாளைய நகலைத்தான் அது வைத்திருக்கும். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய மாலை யாரோ உறுப்பினர் பட்டியலைத் தவறுதலாக அழித்துவிட்டு, விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், கையில் இருக்கும் நகல்கள் எல்லாம் அழிந்த பட்டியலின் நகல்கள். டிஸ்க்கே போய்விட்டால் அதுவும் கிடையாது.

கொட்டேஷன் கேட்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் தரவின் பெயர். இரண்டாவதில், எத்தனை மணி நேர வேலை தொலைந்தால் மறுபடி கையால் ஏற்ற முடியும் என்பது. மூன்றாவதில், எவ்வளவு நேரம் அது ஓடாமல் நின்றால் கல்லூரி தாங்கும் என்பது. வென்டர்கள் இவற்றை ஆர்.பி.ஓ., ஆர்.டி.ஓ. என்பார்கள். (வண்டிக்கு லைசென்ஸ் தரும் ஆர்.டி.ஓ. வேறு.) இந்தத் தாளை வென்டர் நிரப்பக் கூடாது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், அக்கவுண்ட்ஸ், நூலகம், அலுவலகம் என்று அந்தந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவரைக் கேட்டு நிரப்ப வேண்டும்.

நிரப்பியதும் ஒன்று தெளிவாகும்: தொலையக் கூடாதவை எல்லாம் அளவில் சின்னவை. தன்னாட்சிக் கல்லூரியின் மதிப்பெண் டேட்டாபேஸ், கட்டண விவரம், டேலி ஃபோல்டர், கோஹா எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் சில பத்து ஜி.பி.தான். டிஸ்க்கை அடைப்பவை சிசிடிவி பதிவும், வகுப்பு வீடியோவும், "விழா 2019 ஃபைனல் ஃபைனல்" என்ற பெயரில் கிடக்கும் புகைப்பட ஃபோல்டர்களும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 40 டெராபைட்டுக்கு விலை கேட்டால், வென்டரும் 40 டெராபைட்டுக்கு விலை சொல்வார். சிசிடிவிக்கு பேக்கப் வேண்டாம். தேவையான துண்டை மட்டும் எடுத்து வைத்தால் போதும். லேப் கணினிகளுக்கும் தனித்தனி பேக்கப் வேண்டாம், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு இமேஜ் (முழு டிஸ்க்கின் நகல்) போதும். அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாவது கட்டத்தில் எழுதும் எண் ஆண்டு முழுக்க ஒன்றாக இருக்காது. மே மாதத்தில் மதிப்பெண் சர்வரில் ஒரு நாள் வேலை தொலைந்தாலும் சமாளிக்கலாம். இன்டர்னல் மார்க் ஏற்றும் வாரத்தில் ஒரு மணி நேரம் போனாலும் எல்லாத் துறைகளையும் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும். ஆகவே அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் தேர்வுக் காலத்தில் மணிக்கொரு முறை டம்ப், அதாவது முழு டேட்டாபேஸையும் ஒரு ஃபைலாக எழுதி எடுப்பது. டேட்டாபேஸ் சின்னதென்பதால் இதற்குத் தனிச் செலவு இல்லை.

டம்ப் எடுப்பதில்தான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைல்களை அப்படியே காப்பி செய்தால், ஒரு டேபிள் இரண்டு மணி நிலையிலும் இன்னொன்று இரண்டேகால் மணி நிலையிலும் நிற்கும். டம்ப் கட்டளையை 'சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன்' தேர்வுடன் ஓட்டினால் இன்னோடிபி வகை டேபிள்கள் ஒரே கணத்தின் நிலையில் வரும். பழைய ஈ.ஆர்.பி. (கல்லூரி நிர்வாக) மென்பொருள்கள் சிலவற்றில் டேபிள்கள் இன்னும் மைஐசாம் வகையில் இருக்கும். அவற்றுக்கு இந்தத் தேர்வு பலிக்காது. டேபிளைப் பூட்டித்தான் எடுக்க வேண்டும். டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த நிரல்களான ஸ்டோர்டு ப்ரொசீஜர்களும் தானாக வராது. 'ரொட்டீன்ஸ்' தேர்வையும் சேர்க்க வேண்டும். இது விட்டுப்போனால் ரீஸ்டோர் நன்றாக முடிந்தது போலத்தான் தோன்றும். ரிசல்ட் கணக்கிடும் பட்டனை அழுத்தும்போது எரர் வரும்.

இன்னொரு பொறி: டம்ப்பை நேராக ஜிஜிப் என்ற சுருக்கும் கருவிக்குப் பைப் செய்து எழுதுவது. பாஸ்வேர்டு மாறியதால் டம்ப் முதல் வரியிலேயே தோற்றாலும் ஜிஜிப் தன் வேலையைச் சரியாக முடித்து, வெறும் 20 பைட்டில் ஒரு ஃபைல் உருவாக்கிவிடும். ஸ்கிரிப்ட் 'வெற்றி' என்று மெயில் அனுப்பும். தினமும் புதுத் தேதியில் ஃபைல் விழுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. பாஷ் ஸ்கிரிப்ட்டில், நடுவில் ஒன்று தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகச் சொல்லும் பைப்ஃபெயில் அமைப்பைப் போடுங்கள். டம்ப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட்டே தேடட்டும். நேற்றைய அளவைவிட இன்றைய அளவு பாதிக்கும் கீழே போனால் மெயில் வரட்டும். இந்த மூன்றுக்கும் காசு செலவில்லை.

ஆன்லைன் வகுப்பு மென்பொருளான மூடுலுக்கு டேட்டாபேஸ் மட்டும் போதாது. மாணவர்கள் ஏற்றிய அசைன்மென்ட் எல்லாம் மூடுல்டேட்டா என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். டேட்டாபேஸை மட்டும் மீட்டால் எல்லா அசைன்மென்ட்டும் பட்டியலில் தெரியும், ஒன்றுகூடத் திறக்காது. ஆய்வேடுகளை வைக்கும் டிஸ்பேஸுக்கும் இதே கதை: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒரு பக்கம், ஃபைல்கள் இருக்கும் அசெட்ஸ்டோர் ஒரு பக்கம். இரண்டையும் ஒரே இரவில், அடுத்தடுத்து எடுங்கள்.

சரி, நெட்வொர்க் வழியாக இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு ஜிகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்.பி. கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 4 டெராபைட்டுக்குச் சுமார் 10 மணி நேரம். இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் காலை ஆறுக்கு முடியும். அதே வழியில் எங்காவது ஒரு பழைய 100 எம்.பி.பி.எஸ். ஸ்விட்ச் குறுக்கே இருந்தால் கிட்டத்தட்ட நான்கு நாள். ஸ்விட்ச்தான் வேண்டும் என்றில்லை. கேட்-6 கேபிளின் எட்டுக் கம்பியில் ஒன்று சரியாகப் பஞ்ச் ஆகாவிட்டாலும் லிங்க் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடலாம். பேக்கப் மெதுவாக இருக்கிறது என்று புது சர்வருக்குக் கொட்டேஷன் கேட்கும் முன், ஒவ்வொரு போர்ட்டும் என்ன வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் கருவியை ஓட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

இந்தப் பத்து மணி நேரம் முதல் முழு நகலுக்கு மட்டும். பிறகு மாறியதை மட்டும் இழுப்பதால், தினம் இரண்டு சதவீதம் மாறினாலும் 80 ஜி.பி.தான், கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். முடியாது. காரணம் சின்ன ஃபைல்கள். மூடுல்டேட்டாவில் லட்சக்கணக்கில் ஃபைல் இருந்தால், எது மாறியது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கே மணிக்கணக்கு ஆகும். இங்கேதான் டிஸ்க் அளவில் மாற்றத்தைக் கவனிக்கும் முறைகள் உதவும்: இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் ஸ்னாப்ஷாட்டை (அந்தக் கணத்தின் நிலையை) அனுப்புவது, அல்லது விர்ச்சுவல் மெஷினையே (ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினியையே) எடுக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர், வீம் போன்றவை. வீமின் இலவசப் பதிப்பு 10 மெஷின்கள் வரை தாங்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வருக்கு உரிமக் கட்டணமே இல்லை, சப்போர்ட் வேண்டுமென்றால் தனியாக வாங்கலாம். எட்டுப் பத்து விர்ச்சுவல் மெஷின் வைத்திருக்கும் கல்லூரிக்கு மென்பொருளில் பெரும் பணத்தைப் போட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்தப் பணம் இரண்டாவது இடத்தில் வைக்கும் டிஸ்க்குக்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் போகட்டும்.

பல டிஸ்க்குகளை ஒரு தொகுப்பாகச் சேர்க்கும் ரெய்டு பற்றிச் சுருக்கமாக: ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் இருக்கத்தான் ரெய்டு. ஃபைலை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். பெரிய டிஸ்க்குகளில் ரெய்டு-5 வேண்டாம், ரெய்டு-6 போடுங்கள். ஒன்று செத்து மறுகட்டுமானம் நடக்கும் நீண்ட நேரத்தில் இன்னொன்று மக்கர் செய்தாலும் தாங்கும். நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டிக்கு) டிஸ்க் வாங்கும்போது, தடங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகையா, தனித்தனியே எழுதும் சிஎம்ஆர் வகையா என்று எழுத்தில் கேளுங்கள். நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையின் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. மறுகட்டுமானத்தில் அவை தவழும், சில நேரம் தொகுப்பிலிருந்தே கழன்றுகொள்ளும்.

இனி ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 அக்டோபரில் யாரோ திறந்த ஒரு மெயிலின் வழியாக நுழைந்தவர்கள், இரண்டு மாதம் உள்ளேயே உலவிவிட்டு, டிசம்பர் 23 அன்று 267 சர்வர்களைப் பூட்டினார்கள். பூட்டப்பட்டவற்றில் சில பேக்கப் சர்வர்களும் இருந்தன, ஏனென்றால் அவை நெட்வொர்க்கிலேயே இணைந்திருந்தன. பல்கலைக்கழகம் 30 பிட்காயின் கட்டி மீண்டது. கிறிஸ்துமஸை ஒட்டிய நாளைத் தேர்ந்தெடுத்ததைக் கவனியுங்கள். நமக்கு அது தீபாவளிக்கு முந்தைய மாலையாக இருக்கும்.

இதிலிருந்து வாங்கும் பட்டியலில் சேர வேண்டியவை சில. சர்வர்கள் பேக்கப் பெட்டிக்குத் தள்ளக் கூடாது. பேக்கப் பெட்டிதான் சர்வர்களிடமிருந்து இழுக்க வேண்டும். தள்ளத்தான் முடியும் என்றால், அந்தக் கணக்குக்கு எழுத மட்டும் உரிமை, அழிக்க உரிமை கூடாது. பேக்கப் பெட்டியை எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் சேர்க்காதீர்கள். டொமைன் அட்மின் பாஸ்வேர்டு பறிபோனால் கூடவே அதுவும் போகும். விண்டோஸ் கணினியில் இசட் டிரைவ் என்று மேப் செய்து வைத்த ஃபோல்டர், அந்தக் கணினியைப் பூட்டும் வைரஸுக்கும் இசட் டிரைவ்தான். வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று நாஸின் பக்கத்தை போர்ட் ஃபார்வர்டு செய்து இணையத்தில் திறந்து வைக்கவே கூடாது. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர்கள் இரண்டும் அப்படித் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைத்தான் தேடித்தேடிப் பூட்டின. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வாருங்கள்.

வைரஸ் இல்லாமலும் போகும். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் வேலையைச் செய்யும் ஸ்கிரிப்ட்டே சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவை, 3.4 கோடி ஃபைல்களை அழித்தது. சப்போர்ட் கொடுத்த எச்.பி.இ. (ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ்) நிறுவனம் அந்த ஸ்கிரிப்ட்டைத் திருத்தி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் எழுதிவிட்டது. பாஷ் ஸ்கிரிப்ட்டை ஓட ஓடத்தான் படிக்கும்; நடுவிலிருந்து புதிய வரிகளைப் படித்ததில் ஒரு வேரியபிள் வரையறுக்கப்படாமல் இருக்க, பழைய லாக்குகளை (இயக்கப் பதிவுகளை) மட்டும் அழிக்க வேண்டிய கட்டளை மொத்த ஃபோல்டரையும் துடைத்தது. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் நான்கின் தரவு திரும்பவே இல்லை. அழிக்கும் கட்டளை உள்ள எந்த ஸ்கிரிப்ட்டிலும், வேரியபிள் வரையறுக்கப்படாமல் இருந்தால் நின்றுவிடும் அமைப்பை முதல் வரியிலேயே போடுங்கள். வென்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவர் கை எட்டாத ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

அந்த நகலுக்குப் பெரிய செலவு தேவையில்லை. முக்கியத் தரவு ஒரு டெராபைட்டுக்குள் அடங்கும் என்றால், இரண்டு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க், என்க்ரிப்ட் செய்தவை. ஒன்று வெள்ளிக்கிழமை செருகப்படும். மற்றது வேறு கட்டடத்தின் பீரோவில். அடுத்த வெள்ளி இடம் மாறும். இரண்டும் ஒரே நேரத்தில் செருகப்பட்டிருக்கக் கூடாது. டிஸ்க்கின் பாஸ்வேர்டை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, முதல்வர் அறை லாக்கரில் ஒன்றும் வங்கி லாக்கரில் ஒன்றும். அட்மின் வேலையை விட்டுப் போன பிறகு திறக்க முடியாத பேக்கப்பும் ரான்சம்வேரும் கல்லூரிக்கு ஒன்றுதான்.

வேறு கட்டடம் என்றால் வேறு தளமும்தான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் 2023 டிசம்பர் தூத்துக்குடி வெள்ளத்திலும் தரைத்தளத்தில் இருந்ததெல்லாம் நனைந்தது. நீருக்கு மெயின் பிளாக், சயின்ஸ் பிளாக் என்ற பேதம் இல்லை. முதல் மாடிக்கு ஏற்றுங்கள். கட்டடங்களுக்கு இடையே தாமிரக் கேபிள் ஓட்டாமல் ஃபைபர் போடுங்கள். இடி விழும்போது இரண்டு கட்டடங்களின் எர்த் மின்னழுத்தம் வேறுபடும். தாமிரம் வழியாக அது இரு முனை ஸ்விட்ச்சையும் கொன்றுவிடும்.

மின்சாரத்துக்கும் கணக்கு உண்டு. சர்வர் 300 வாட், நாஸ் 80, ஸ்விட்ச்சும் ஃபயர்வாலும் 120 என்றால் 500 வாட். 12 வோல்ட் 26 ஏஎச் பேட்டரி எட்டு வைத்த யு.பி.எஸ்.ஸில் ஏட்டளவில் 2,496 வாட்-மணி. கைக்கு எழுபது சதவீதம் வரும் என்று கொண்டால் மூன்றரை மணி நேரம். ஏசி இல்லாத அறையில் இரண்டு மூன்று ஆண்டு ஆன பேட்டரிக்கு இதில் பாதிகூட எதிர்பார்க்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்தடை வரும் நாளில் ஜெனரேட்டர் ஓடும், சரி. ஆனால் பேக்கப் ஓடுவது இரவு இரண்டு மணிக்கு. அப்போது ஜெனரேட்டரைப் போட ஆள் இருக்காது. பல இடங்களில் மாலை ஆறு மணிக்கு சர்வர் ரூம் ஏசியையும் அணைத்துவிட்டுப் போவார்கள், மின்சாரச் சிக்கனம்! ஆகவே யு.பி.எஸ். வாங்கும்போதே யுஎஸ்பி அல்லது எஸ்என்எம்பி (நெட்வொர்க்) இணைப்பு உள்ளதாக வாங்கி, நட் என்ற இலவச மென்பொருளை அமைத்து, பேட்டரி 30 சதவீதத்துக்கு இறங்கியதும் சர்வர் தானே முறையாக அணையும்படி செய்யுங்கள்.

கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கிறதே, அது பேக்கப் ஆகாதா? ஆகாது. டிரைவில் அழித்த ஃபைல் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். அதன் பிறகு அட்மின் 25 நாளுக்குள் மீட்கலாம். ஒரு பயனரின் கணக்கையே அழித்தால் 20 நாள்தான் அவகாசம். வேலையை விட்டுப் போன பேராசிரியரின் கணக்கை அழிக்கும் முன் ஃபைல்களின் உரிமையை வேறொருவருக்கு மாற்றாவிட்டால், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு கேட்கும் ஐந்தாண்டு ஆவணத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அமேசானின் எஸ்3 போன்ற கிளவுடில் நகல் வைப்பது நல்லது, அழிப்பைத் தடுக்கும் ஆப்ஜெக்ட் லாக்கைக் கம்ப்ளையன்ஸ் முறையில் போட்டால் கெடு முடியும் வரை உங்களாலேயே அழிக்க முடியாது. ஆனால் மலிவான டீப் ஆர்க்கைவ் வகையிலிருந்து எடுக்கத் தொடங்கவே 12 மணி நேரம் வரை ஆகும், 180 நாளுக்கு முன் அழித்தாலும் கட்டணம் உண்டு, வெளியே இறக்கவும் தனிக் கட்டணம். கரஸ்பாண்டென்ட் ஒருமுறை கையெழுத்துப் போட்டு வாங்கும் பெட்டியை ஏற்பார். மாதாமாதம் வரும் பில்லுக்கு முகம் சுளிப்பார். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சின்ன அளவு முக்கியத் தரவை மட்டும் அங்கே அனுப்புங்கள்.

எத்தனை நகல் வைப்பது? தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 12, கூடவே ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட் வெளியான மறுநாள் எடுத்து அழிக்காமல் வைக்கும் ஒன்று. இந்தக் கடைசி நகலில் டேட்டாபேஸ் டம்ப்போடு மதிப்பெண் பட்டியலை சிஎஸ்வி, பிடிஎஃப் வடிவிலும் வையுங்கள். ஈ.ஆர்.பி. வென்டரை மாற்றிய பிறகு பழைய டம்ப்பைத் திறந்து படிக்க ஆள் கிடைக்காது.

சப்போர்ட் ஒப்பந்தத்துக்கு வருவோம். ஏ.எம்.சி.யில் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) 'நான்கு மணி நேர ரெஸ்பான்ஸ்' என்று எழுதியிருந்தால், நான்கு மணி நேரத்தில் ஆள் வருவார் அல்லது போனை எடுப்பார் என்றுதான் பொருள். எப்போது சரியாகும் என்பதற்குத் தனி வரி வேண்டும், தவறினால் என்ன கழிவு என்பதும் வேண்டும். காம்ப்ரிஹென்சிவ் என்ற சொல்லை நம்பாமல் விலக்குப் பட்டியலைப் படியுங்கள், யு.பி.எஸ். பேட்டரி, கேபிள், அடாப்டர், மின்னல் சேதம் பெரும்பாலும் அங்கே இருக்கும். 60 கணினி லேப்புக்கு மூன்று எஸ்எம்பிஎஸ், இரண்டு எஸ்எஸ்டி, நான்கு கீபோர்டு-மவுஸ், ஒரு 24 போர்ட் ஸ்விட்ச் கல்லூரியின் அலமாரியிலேயே இருந்தால் செய்முறைத் தேர்வு நாளில் யாரையும் கெஞ்ச வேண்டாம்.

லேப்புக்கு இமேஜ் ஏற்ற ஃபாக் அல்லது க்ளோன்ஸில்லா மென்பொருள். 30 ஜி.பி. இமேஜை 60 கணினிக்குத் தனித்தனியாக அனுப்பினால் 1.8 டெராபைட், ஜிகாபிட்டில் நாலரை மணி நேரம். எல்லாவற்றுக்கும் ஒன்றாக அனுப்பும் மல்டிகாஸ்ட்டில் ஒரே ஓட்டம். ஆனால் கூட்டத்தில் மெதுவான கணினியின் வேகம்தான் எல்லாருக்கும். ஸ்விட்ச்சில், கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இல்லாவிட்டால் அந்த வெள்ளம் அதே நெட்வொர்க்கின் எல்லாப் போர்ட்டிலும் பாயும், வைஃபை படுத்துவிடும். லேப்புக்குத் தனி விலான் (பிரித்த நெட்வொர்க்) போட்டுவிட்டுச் செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று சாதாரண ஆதரவு முடிந்துவிட்டது என்பதால், அடுத்த இமேஜில் எந்தக் கணினி விண்டோஸ் 11 தாங்கும், எதற்கு லினக்ஸ் என்றும் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஃபயர்வால், ஸ்விட்ச் அமைப்புகளையும் பேக்கப்பில் சேருங்கள். ஆக்ஸிடைஸ்டு என்ற கருவி தினமும் இழுத்து, நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்றும் காட்டும். எல்லா அட்மின் பாஸ்வேர்டும் கல்லூரியிடம் இருக்க வேண்டும். டாட் ஏசி டாட் இன் என்று முடியும் இணையதளப் பெயர்களை எர்நெட் என்ற அரசு அமைப்பின் வழியாகத்தான் பதிகிறோம். அந்தக் கணக்கின் மெயில் முகவரி வென்டருடையதா, கல்லூரியுடையதா என்று இன்றே பாருங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. அந்தத் தகவலை அனுப்பும் வேலை யாருடையது என்று ஒப்பந்தத்தில் பெயர் அல்ல, பதவி குறிக்கப்பட வேண்டும்.

மூன்று கொட்டேஷனை ஒப்பிடும் தாளில் விலைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூட்டுங்கள்: ரீஸ்டோர் ஒத்திகை. பணத்தில் பத்து சதவீதத்தை அது முடியும் வரை நிறுத்தி வையுங்கள். ஒத்திகை என்பது வென்டர் தேர்ந்தெடுக்கும் ஒரு வேர்ட் ஃபைலை மீட்பதல்ல. வெறும் கணினி ஒன்றைக் கொடுத்து, போன மாதத்து மதிப்பெண் சர்வரை அதில் எழுப்பச் சொல்லுங்கள். பழைய சர்வரை அப்போது நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புதியது அதிலிருந்தே ஏதாவது எடுத்துக்கொள்ளும். எழுந்ததும் தேர்வு அலுவலக ஊழியர் ஒருவர் ஐந்து பதிவெண்களைப் போட்டு, அச்சடித்த மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டு, நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடட்டும். செமஸ்டர் விடுமுறையின் முதல் வாரம் இதற்குத் தோது. கடைசி வாரத்துக்குத் தள்ளினால் அட்மிஷன் வேலை வந்துவிடும், நடக்காது.